இரவல் கோபம்

மெத்ரோப் பாலத்துக்குக் கீழே பந்து விளையாடிய நம்மில் யாருக்காவது அந்த நீல ஜேர்சி நினைவிருக்கிறதா? நெஞ்சில் கொரிய எழுத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டிக் கொம்பனியின் பெயர். முதுகிலும் அதே பெயர். எனக்கு முழங்கால் வரைக்கும் தொங்கியது. என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் கேட்க, நானும் பெருமையாகச் சொல்லப்போய், அந்தப் பருவம் முழுக்க என்னைப் பிரெஞ்சில் ‘ஃப்ரிகோ’, பிரிட்ஜ், என்று கூப்பிட்டீர்கள். பந்து என் கைக்கு வந்தால் “கதவைத் திற, கதவைத் திற” என்று கத்துவீர்கள். மேலே ரயில் போகும்போது மட்டும் உங்கள் சத்தம் கேட்காது.

அதைத் தந்தவர் யார், ஏன் குளிர்காலம் முடியுமுன்பே அது காணாமற்போனது என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது நமக்கெல்லாம் முதல் நரை விழுந்துவிட்டது. போன கிழமை லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் உங்களில் ஒருவன் தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்து, “டேய் ஃப்ரிகோ” என்றான். நான் சிரித்தேன். பிறகு ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் வரை நடந்துபோனபோது முகம் சூடாகவே இருந்தது. அந்தச் சூட்டை இத்தனை காலமாக என்னோடு வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா சின்ன வயதிலேயே தோட்டத்துக்கு இறங்கியவர். இங்கே ஓர் உணவகத்துச் சமையலறையில் சட்டி கழுவினார். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும். அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவளுடைய படிப்பு இரண்டு இடப்பெயர்வுகளுக்கு நடுவில் எங்கேயோ நின்றுபோனது. வளர்ந்த பிறகுதான் இங்கே வந்தாள், வந்த கையோடு லா சப்பலில் ஒரு புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அதனால் வீட்டில் பிரெஞ்சு என்றால் நான்தான். டொக்டரிடம், மின்சாரக் கந்தோரில், என்னுடைய பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றியே முறைப்பாடு வந்தபோதுகூட, நான்தான் நடுவில் நின்றேன். உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீங்களும் நின்றவர்கள்தான்.

அப்பாவுக்கு மிக முக்கியமான இடம் பிரிபெக்சர், வெளிநாட்டவரின் தாள்களைப் பார்க்கும் அரச அலுவலகம். வதிவிட அட்டை புதுப்பிக்கப் போகும் நாட்களில் என்னைப் பள்ளிக்கு அனுப்பமாட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் தாள்களைப் புரட்டி, ஒன்று குறைகிறது என்று தள்ளிவிடுவாள். அப்பாவின் கழுத்து நரம்பு புடைக்கும்.

“இவளிட்டைக் கேள், நாங்கள் என்ன நாயளோ எண்டு. இருட்டோடை வந்து மழையுக்கை நிண்டவங்களைத் திருப்பி அனுப்பிறதுக்கோ இவளுக்குச் சம்பளம் குடுக்கிறாங்கள்? கேள்.”

நான் கண்ணாடியின் துளைக்கு எம்பி, “மன்னிக்க வேண்டும் மதாம், எந்தத் தாள் என்று தயவுசெய்து எழுதித் தரமுடியுமா என்று அப்பா கேட்கிறார்” என்பேன் பிரெஞ்சில். அவள் எழுதித் தருவாள். சில வேளை என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

வெளியே வந்ததும் அப்பா நெஞ்சை நிமிர்த்துவார். “பாத்தியே? நான் குடுத்த ஏச்சிலை பேனையைத் தூக்கிட்டாள்.”

அந்தக் கதை வீட்டுக்கு வரும்போது இன்னும் வளர்ந்திருக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, வார இறுதிகளில் வருவார். அவருக்கு அப்பா தேநீரோடு அதைச் சொல்வார். அதில் அந்தப் பெண் நடுங்குவாள், உள்ளேயிருந்து மேலதிகாரி ஓடிவருவார், வரிசையில் நின்ற அரபுக்காரர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்குவார். “அத்தான் பொல்லாத ஆள்” என்பார் மாமா. நான் மூலையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருப்பேன். அது எனக்குப் பொய் என்று படவில்லை. அப்பாவின் கோபம் அப்பாவுக்கு, அட்டை எங்கள் எல்லாருக்கும். இரண்டும் கிடைத்தது.

அந்த இலையுதிர்காலத்தில் மாமா அக்காவுக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெடியன் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். சாதகம் போய், நல்ல பொருத்தம் என்று எழுதி வந்துவிட்டது.

“எங்கை இருக்கிறார்?” என்று அப்பா கேட்டார்.

“கொரியாவிலை. புலமைப்பரிசில் கிடைச்சுப் போனவர். இப்ப ஒரு பெரிய கொம்பனியின்ரை பாஸ்கற்போல் ரீமிலை வேலை.”

“விளையாடுறவரோ?”

“இல்லை அத்தான், மொழிபெயர்ப்பு. ரீமிலை அமெரிக்காக்காரர் விளையாடுகினம். கோச்சுக்கு இங்கிலீசு தெரியாது, அவைக்குக் கொரியன் தெரியாது. இவர் நடுவிலை.”

அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். “அதை எங்கடை சின்னவன் சும்மா செய்யிறான். அதுக்கும் சம்பளமோ?”

“நல்ல சம்பளம்.”

“கொம்பனி பிரிட்ஜ் செய்யுதோ, பந்து விளையாடுதோ?”

“ரெண்டும்.”

“அப்ப அது எந்த ஊர் ரீம்?”

மாமா தலையைச் சொறிந்தார். “ஊர்ப் பேர் ஒண்டு முன்னாலை ஒட்டியிருக்கு. ஆனா ரீம் ஊரின்ரை இல்லை, கொம்பனியின்ரை. கொம்பனி நினைச்சா வேறை ஊருக்குக் கொண்டு போகும். வேண்டாமெண்டா வித்துப்போடும்.”

“ஊரூராய்க் கொண்டு திரியிறதெண்டா அது சேர்க்கஸ்” என்றார் அப்பா. அவர் அறிந்த விளையாட்டுக் கழகங்கள் எல்லாம் ஊரின் பெயரில் பிறந்து, பக்கத்து ஊரோடு அடிபட்டு, அந்த ஊரிலேயே இருந்தவை. ஆனாலும் அவர் மறுக்கவில்லை. அக்காவின் முகத்தை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஞாயிறுகளில் முன் அறைக் கணினியில் அந்த மாப்பிள்ளை வருவார். பக்கத்தில் அம்மா காவலுக்கு இருப்பார். கமெராவைத் திருத்திவைப்பது என் வேலை. வீட்டில் அவருக்குக் ‘கொரியாக்காரர்’ என்று பெயர் வந்துவிட்டது. மெல்லிய குரல். அக்காவிடம் கடையில் என்ன விற்றது என்று கேட்பார். அக்கா அன்று வந்த வாடிக்கையாளர் மாதிரியே பேசிக் காட்டுவாள். ஆறு புடவையை விரிக்கச் சொல்லி, ஏழாவதுக்கு ‘மகளைக் கூட்டிக்கொண்டு வாறன்’ என்று எழும்பிப் போகிறவர். கொரியாக்காரர் சிரித்தால் சிரிப்பு அரை நொடி பிந்தி வரும், இணையத்தின் கோளாறு. அக்கா அந்த அரை நொடிக்காகக் காத்திருப்பாள்.

ஒருநாள் அம்மா அடுப்பைப் பார்க்க எழும்பியபோது அக்கா வெட்கப்பட்டு என்னை முன்னுக்குத் தள்ளிவிட்டாள்.

“தம்பி, நீரும் என்ரை வேலைதானாம் செய்யிறீர்” என்றார் அவர்.

“ஓம். பிரிபெக்சரிலை. ‘அப்பா கேக்கிறார்’ எண்டு சொல்லுவன்.”

“எங்களுக்கு அப்பிடிச் சொல்லேலாது. ‘நான்’ எண்டுதான் சொல்லோணும். கோச் கத்தினா நானும் கத்தோணும். குறைச்சுச் சொன்னா விளையாடுறவருக்குத் தான் என்ன பிழை விட்டதெண்டே தெரியாது.”

“அவருக்கு உங்களிலை கோபம் வராதோ?”

“வரும். பேந்து சோறு தின்னேக்கை சரியாப் போயிடும்.”

நத்தார்ப் பண்டிகைக்கு முன் அவரிடமிருந்து ஒரு பொதி வந்தது. அக்காவுக்குக் கழுத்துத் துணி. எனக்கு அந்த ஜேர்சி. அப்பாவுக்கு, விளையாட்டுக்காரர் ஓரத்து வாங்கிலில் உட்கார்ந்திருக்கும்போது போடும் பஞ்சு அடைத்த நீளக் கோட்டு. கணுக்கால்வரை வந்தது, முதுகில் கொம்பனியின் பெயர். அப்பா அதைப் போட்டுப் பார்த்து, “மெத்தைக்கு ஸிப் பூட்டின மாதிரி இருக்கு” என்றார். அடுத்த நாள் முதல் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

எல்லாம் சரி, ஆனால் விசாரிக்க வேண்டும். லண்டன் மாப்பிள்ளை என்றால் லண்டனில் ஓர் ஊர்க்காரர் இருப்பார். ஆள் குடிக்கிறவரா, கோபக்காரரா, கை நீட்டுகிறவரா என்று அவர் கடைத்தெருவிலேயே அறிந்து சொல்லிவிடுவார். கொரியாவில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. மாமாதான் வழி சொன்னார்.

“விசாரிக்க ஆளில்லையெண்டா ஆளையே பாப்பம். இவையின்ரை விளையாட்டு இன்ரநெற்றிலை வருதுதானே.”

அங்கே சனி மாலை, இங்கே சனி காலை. நான் கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்தேன். அம்மா வடை சுட்டார். மாமா நல்ல சேட்டுப் போட்டு வந்தார். அக்கா கடைக்கு லீவு சொல்லி, தலை முழுகி, ஈரக் கூந்தலை விரித்துவிட்டு வாசலோரம் நின்றாள். பெண் பார்க்க வருகிற நாள் மாதிரித்தான் இருந்தது. பார்க்கப்படுகிறவர்தான் வேறு.

திரையில் தரை முழுக்கக் கொம்பனியின் பெயர், பந்து வைக்கும் கூடையில் கொம்பனியின் பெயர். ஒரு பக்கம் முழுக்க ஒரே நிறச் சட்டை போட்டவர்கள், காற்றடைத்த பிளாஸ்டிக் குழாய்களை இரண்டு கையிலும் பிடித்து, ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“உவை ஆர்?” என்றார் அம்மா.

“கொம்பனியிலை வேலை செய்யிறவை. பஸ்ஸிலை கூட்டிக்கொண்டு வாறவையாம்” என்றேன்.

“கை தட்டுறதும் வேலையிலை சேத்தியோ?” என்றார் அப்பா. அவர் நல்ல மனநிலையில் இருந்தார்.

கொம்பனி அணி பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டார். ஆட்டத்தை நிறுத்தி அணியைக் கூப்பிட்டு அவர் பேசும் அந்த ஒரு நிமிடத்துக்கு, அந்த நாட்டு ஒளிபரப்பில் ஒலிவாங்கியை அவர் வாய்க்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைப்பார்கள். கமெராவும் உள்ளே நுழையும். அப்போதுதான் எங்கள் கொரியாக்காரரைக் கண்டோம். கொம்பனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. எதிரே வாங்கிலில் ஒரு நெடிய அமெரிக்கர் குனிந்து இருந்தார், தாடியில் வியர்வை சொட்டியது. எங்கள் மெல்லிய குரல்காரர் அவருடைய முகத்துக்கு நேரே விரலை நீட்டிக் கத்தினார். “ஏன் நிற்கிறாய்? எதற்காக நிற்கிறாய்? நான் உன்னை நிற்கவா கூப்பிட்டேன்?” ஆங்கிலத்தில். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

வடை எல்லாருடைய கையிலும் அப்படியே இருந்தது.

“என்ன இவர்” என்றார் அம்மா.

“பாவம் அந்த நெட்டையன்” என்றார் அப்பா, மெதுவாக. “வேலை செய்யிறவனை உப்பிடியோ ஏசிறது, இவ்வளவு சனத்துக்கு முன்னாலை?”

அப்பாவின் சமையலறையில் தலைமைச் சமையற்காரர் எப்படிக் கத்துவார் என்று அன்று எனக்குத் தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகு அங்கே ஒரு கோடை விடுமுறையில் வேலை செய்தபோதுதான் தெரிந்தது. அப்பா அன்று பார்த்தது மாப்பிள்ளையை அல்ல, வாங்கிலில் குனிந்திருந்தவரை.

“கோபக்காரன்” என்றார் அப்பா. “என்ரை பிள்ளைக்கு இது சரிவராது.”

அக்கா வாசலிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் பார்த்திருந்தேன், மற்றவர்கள் பார்க்காததை. பயிற்சியாளர் கத்தி ஒரு மூச்சுப் பிந்தித்தான் இவர் கத்தினார். பயிற்சியாளர் நிறுத்தியபோது இவரும் நிறுத்தினார். அவருடைய விரல் நீண்ட பக்கத்துக்கே இவருடைய விரலும் நீண்டது.

“அது அவற்றை கோபம் இல்லை அப்பா” என்றேன். “கோச்சின்ரை. அவர் அதைக் கொண்டுபோய்க் குடுக்கிறார். அதுதான் அவற்றை வேலை.”

“ஏன், பணிவாச் சொன்னா விளங்காதோ?”

“குறைக்கக் கூடாது. கோச்சுக்கு எவ்வளவு கோபமோ அவ்வளவும் போகோணும். அவரே எனக்குச் சொன்னவர்.”

மாமா தலையாட்டினார். “பெடி சொல்லுறதிலை ஞாயம் இருக்கு, அத்தான்.” அம்மாவும் “ஓமப்பா” என்றார். அப்பா தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். அவருடைய முகம் இளகியது எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. ஈரக் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு ஓர் அடி உள்ளே வந்தாள்.

“அப்ப உன்னை மாதிரித்தான் எண்டு சொல்லு” என்றார் அப்பா, பெருமையாக, மாமாவைப் பார்த்தபடி. “பிரிபெக்சரிலை நான் ஏச, நீயும் அப்பிடியே ஏசிறனிதானே?”

‘ஓம்’ என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு அக்காவின் பிள்ளைகளுக்குக் கொரிய மொழி தெரிந்திருக்கும். ஆனால் நான் கேள்வி கேட்டால் சரியான விடை சொல்லப் பழகிய பிள்ளை. அதுவும் வேலையைப் பற்றி அப்போதுதான் பெரிய விளக்கம் கொடுத்திருந்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. தாமதித்தேன். அந்தத் தாமதத்தில் எல்லாம் போயிற்று.

“என்னடா?” என்றார் அப்பா.

“நான் மதாம் எண்டுதான் கேக்கிறனான்.”

“என்னெண்டு கேக்கிறனி?”

“தயவுசெய்து எண்டு. மன்னிக்கோணும் எண்டு.”

மாமா சிரித்தார். கெட்ட மனிதர் அல்ல, சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப அத்தான், அந்த வெள்ளைக்காரி நடுங்கினது குளிரிலை போலை.” அம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார், அவருடைய தோள் குலுங்கியது. அடக்க முயன்ற சிரிப்புத்தான் அப்பாவை அதிகம் சுட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கூந்தலைக் கைவிட்டாள்.

அப்பா என்னை அடிக்கவில்லை. எழும்பித் தொலைக்காட்சியை நிறுத்தினார். இத்தனை வருடங்களாக அந்தக் கண்ணாடிக்கு முன்னால் தான் யாராக நின்றோம் என்று அவர் அந்த நேரத்தில் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் நாய்களா என்று கேட்டவராக அல்ல, மன்னிப்புக் கேட்டவராக.

“எனக்கு வீட்டிலை ஒரு மொழிபெயர்ப்புக் காணும்” என்றார். “இன்னொண்டு வேண்டாம்.”

அம்மா இரண்டு கிழமை பேசிப் பார்த்தார். மாமா மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார். அவர் மன்னிப்புக் கேட்கக் கேட்க அப்பா இன்னும் இறுகினார். கடைசியில் மாமாதான் கொரியாவுக்குத் தொலைபேசி எடுத்தார். சாதகம் பொருந்தவில்லை என்று சொன்னார்கள். பொருந்தியது என்று எழுதி வந்த தாள் சாமிப் படத்தடியில் இருந்தது. ஊரில் அவருடைய தாயிடமும் அதே தாள் இருந்தது. கொரியாக்காரர் காரணம் கேட்கவில்லையாம். “சரி, நல்லது” என்றாராம்.

அதற்குப் பிறகும் நானும் அப்பாவும் பிரிபெக்சருக்குப் போனோம். அவர் ஏசவில்லை. என்னிடம் ஒன்றும் சொல்லவும் இல்லை. தாள்களைத் துளைக்குள் தள்ளிவிட்டுத் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். “அப்பா, என்ன கேக்க?” என்றால், “உனக்குத் தெரியும்தானே, நீயே கேள்” என்பார். அந்தப் பெண் பழையபடி சிரித்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜேர்சியையும் கோட்டையும் அம்மா ஒரு பையில் போட்டு, தெருவோரத்துத் துணிப் பெட்டியில் தள்ளிவிட்டார். நான் தடுக்கவில்லை. உங்களிடம் அது கிழிந்துவிட்டது என்று சொன்னேன். பிறகு ஒரு குளிர்ப் பகலில் அப்பாவோடு ஸ்டாலின்கிராட்டில் இறங்கி நடந்தபோது, பாலத்தூணில் சாய்ந்து ஒருவர் அந்தக் கோட்டோடு நின்றார். முதுகில் அந்தப் பெயர். அப்பா தன் மெல்லிய பழைய கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டு, தெருவைக் கடந்து மற்றப் பக்கத்தால் போனார்.

நான் மட்டும் அந்த அணியின் முடிவுகளை ஒவ்வொரு கிழமையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தோற்றுக்கொண்டே இருந்தார்கள். பருவம் முடியும் நேரத்தில் செய்தி வந்தது, கொம்பனி அணியைக் கைவிடுகிறது, வாங்க ஆள் கிடைக்கவில்லை. கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை. அப்பா இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா சந்தைக்குப் போயிருந்தார். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். கடைக்குப் போகக் கைப்பையோடு வெளிக்கிட்ட அக்கா, சப்பாத்தைப் போட்டபடியே வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம். எட்டமுடியாத வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் தேவையில்லாமல் ஒரு டைம் அவுட் கேட்டார். அணி சூழ்ந்து நின்றது. அவர் கத்தவில்லை. தணிந்த குரலில் ஏதோ சொல்லி, எல்லாருக்கும் தலை குனிந்தார். எங்கள் ஆள் அந்த நெடியவருடைய தோளில் கைவைத்து, “உன்னை இதைவிட நன்றாக நான் நடத்தியிருக்க வேண்டும்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்தார்.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா தண்ணீர்க் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்.

“இப்ப ஏன் அழுறான்?” என்றார்.

“அவர் அழேல்லை அப்பா. கோச்தான் அழுறார். அவர் அதைச் சொல்லுறார்.”

“இல்லை” என்றாள் அக்கா. திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கோச் அழேல்லை. வடிவாப் பார். இது அவற்றை அழுகை.”

பார்த்தேன். பயிற்சியாளரின் முகம் காய்ந்துதான் இருந்தது.

அப்பா தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. அந்தக் குழாய்த் தாளம் ஓயும்வரை நின்று பார்த்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல் கேட்டார்.

“இனி அந்தப் பிள்ளைக்கு எங்கை வேலை?”

மாமனாராக வரப்போகிறவர் கேட்கவேண்டிய கேள்வி. அக்கா எழும்பி, பையைத் தோளில் மாட்டி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கடைக்குப் போனாள். திரையில் அவர் வாங்கிலில் கிடந்த நீளக் கோட்டுகளை ஒவ்வொன்றாக உதறி மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா தண்ணீரைக் குடிக்காமல் அந்தக் கோட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.